முதலில் படிக்கட்டும், அப்புறம் எழுதட்டும்

பிளாகரில் தமிழில் எழுதிய எல்லோருக்கும் இந்தச் சங்கடம் பழக்கம்தான். தலைப்பை எவ்வளவு யோசித்து வைத்தாலும் முகவரியில் 'பிளாக்-போஸ்ட்_17' என்றுதான் விழும். தமிழ் எழுத்துகளைக் கழித்துவிட்டால் தலைப்பில் மிச்சம் எதுவும் இருக்காது, அதனால் அதுவே ஒரு பெயரை ஒட்டிவிடும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஆங்கிலத் தலைப்போடு பதிப்பித்துவிட்டு, முகவரி உறுதியானதும் தமிழ்த் தலைப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். வேர்ட்பிரஸ் பரவாயில்லை, தமிழை ஏற்கும். ஆனால் அங்கே முகவரியின் வாலுக்கு 200 இடம்தான். யூனிகோடில் 'மி' என்பது ம, அதன் பின் கொக்கி என்று இரண்டு குறி. இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு குறியும் 3 பைட் ஆகும், ஒவ்வொரு பைட்டும் சதவீத அடையாளம் சேர்த்து 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். 'மழைக்குப் பின் வந்த கடிதம்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கே சொல்தான். குறிகள் 23, இடைவெளி 3, கூட்டினால் 210 இடம். கடைசி 'ம்' வெட்டுப்பட்டு 'கடித' என்று நிற்கும்.

ஏஐ ஏஜென்ட்டிடம் கோட் எழுதும் வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் அதை ஆய்வுக்கு அனுப்புவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த முகவரி விவகாரம் அதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் பார்ப்பதற்கு அவ்வளவு சின்ன வேலை.

நான் பராமரிக்கும் தளங்களில் ஒரு சிறுகதைத் தளம் உண்டு. அதன் ஆசிரியர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. தளம் பைத்தானில், ஜாங்கோவில் ஓடுகிறது. கதைகளுக்கு முகவரி வெறும் எண்தான். ஒருநாள் போனில் கேட்டார்: "தம்பி, எல்லாக் கதையும் நம்பராவே இருக்கே. கதையோட பேரு லிங்க்ல தெரியற மாதிரி பண்ண முடியுமா?"

முகவரியில் வரும் இந்தப் பெயர் வாலுக்கு எங்கள் தொழிலில் ஸ்லக் என்று பெயர். ஜாங்கோவில் அதற்கென்றே ஸ்லக்ஃபை என்ற செயல்கூறு இருக்கிறது. சாதாரணமாக அதில் தமிழைக் கொடுத்தால் வெற்றுச் சரம்தான் திரும்பும். 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பில் 'யூனிகோடை அனுமதி' என்று ஒரு விசையைச் சேர்த்தார்கள். எந்த ஏஐயிடம் கேட்டாலும் அந்த விசையைப் போடச் சொல்லும். ஆவணமும் அதைத்தான் சொல்கிறது. ஒரு வரி வேலை.

இதை நேராகக் கோடிங் ஏஜென்ட்டிடம் கொடுத்தால் என்ன ஆகும்? மாடலில் ஒரு புலம் சேர்க்கும், மைக்ரேஷன் எழுதும், விசையைப் போடும், ஆங்கிலத் தலைப்பில் ஒரு டெஸ்ட் எழுதும், டெஸ்ட் பச்சை காட்டும், 'வேலை முடிந்தது' என்று சந்தோஷமாக ஒரு சுருக்கம் தரும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்குள் கால் வைக்காமலேயே தெருவில் நின்று எஸ்டிமேட் போடும் மேஸ்திரியை நாம் நம்புவதில்லை. ஆனால் திரையில் பச்சை எரிந்தால் நம்பிவிடுகிறோம்.

அதனால் முதலில் ஆய்வு. நான் கொடுக்கும் ப்ராம்ப்ட் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"எந்தக் கோப்பையும் மாற்றாதே. தீர்வு சொல்லாதே, பரிந்துரையும் வேண்டாம். இந்த ரெப்போவில் கதையின் முகவரி எங்கே உருவாகிறது, யாரெல்லாம் அதைப் படிக்கிறார்கள், எங்கே சரிபார்க்கப்படுகிறது என்று கோப்புப் பெயர், வரி எண்ணோடு எழுது. ஜாங்கோ எப்படி நடந்துகொள்ளும் என்று நினைவிலிருந்து எழுதாதே. இந்த மெஷினில் நிறுவியிருக்கும் பதிப்பின் மூலக் கோடைத் திறந்து படி. தரவுத்தளத்தில் இருக்கும் உண்மையான தலைப்புகள் சிலவற்றை ஸ்லக்ஃபையில் ஓட்டி, வந்ததை அப்படியே ஒட்டு. கிட் வரலாற்றில் இந்தப் பகுதியை யார் ஏன் தொட்டார்கள் என்று பார். ஓட்டிப் பார்த்தது எது, படித்து ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டு."

'தீர்வு சொல்லாதே' என்பதுதான் இதில் உயிர். தீர்வையும் சேர்த்துக் கேட்டால் அது முதல் நிமிடத்திலேயே ஒரு தீர்வுக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு செய்வதெல்லாம் அந்தத் தீர்வுக்கு ஆதாரம் தேடுவதுதான். குறிப்பு நீளமாக வரும், நம்பிக்கையாக இருக்கும், எதிராகப் பேசும் ஒரு வரிகூட இருக்காது. தீர்வைத் தடை செய்துவிட்டால் பாவம் அதற்கு வேறு வேலை இல்லை, இருப்பதைப் பார்த்து எழுதத்தான் வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் ஆய்வு, திட்டம், அமலாக்கம் என்று மூன்று கட்டமாக வைத்திருக்கிறார்கள். நான் ஆய்வை மட்டும் கறாராகத் தனியே வைக்கிறேன். மற்ற இரண்டும் ஒன்றாகப் போனாலும் எனக்குக் கவலை இல்லை.

குறிப்பு வந்தது. முதல் பக்கத்திலேயே ஒட்டியிருந்த வெளியீடு இது: 'மழைக்குப் பின் வந்த கடிதம்' என்ற தலைப்பு 'மழககப-பன-வநத-கடதம' ஆகியிருந்தது. யூனிகோட் விசையைப் போட்ட பிறகுதான் இந்த அழகு.

காரணம் பைத்தானுக்குள் இருக்கிறது. ஸ்லக்ஃபை 'சொல்லெழுத்து அல்லாததையெல்லாம் நீக்கு' என்று ஒரு ரெஜெக்ஸை ஓட்டுகிறது. எது சொல்லெழுத்து என்பதைப் பைத்தானின் ரெஜெக்ஸ் நூலகம் தீர்மானிக்கிறது. அதன் கணக்கில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் சொல்லெழுத்து. யூனிகோடில் நம் கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகையில் இல்லை, 'சேர்குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. எனவே அவை குப்பை, கூட்டித் தள்ளு. ரெஜெக்ஸ்களுக்கான யூனிகோடின் சொந்த வழிகாட்டி சேர்குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்ளச் சொல்கிறது. பைத்தான் அப்படிச் செய்யவில்லை என்பது 2011இலேயே அதன் பக் பட்டியலில் பதிவாகிவிட்டது. இந்தி, வங்காளம், மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

குறில் நெடில் எல்லாம் போய் மெய்க்கூடு மட்டும் மிஞ்சினால் இன்னொரு கூத்தும் நடக்கும். காடு, கோடு, கேடு, குடி, கொடி, கூடை, கடை: ஏழும் 'கட' ஆகிவிடும். ஏஜென்ட் இதையும் ஓட்டிப் பார்த்து ஒட்டியிருந்தது. ஸ்லக் ஒன்றுக்கொன்று மோதக்கூடாது என்று தரவுத்தளத்தில் விதி வைத்திருந்தால், 'காடு' என்ற கதைக்குப் பிறகு 'கொடி' என்ற கதையைச் சேமிக்கவே முடியாது. ஆங்கிலத் தலைப்பில் ஓடிய டெஸ்ட் இதை எந்தக் காலத்திலும் சொல்லாது.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது ஏஐக்கு இது ஏன் நினைவிலிருந்து தெரியாது என்பதுதான். ஜாங்கோ ஆவணத்தில் யூனிகோட் விசைக்கு உதாரணமாக ஒரு சீனச் சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள். சீன எழுத்தில் சேர்குறி கிடையாது, ஒவ்வொன்றும் முழு எழுத்து, அதனால் அது பிரமாதமாக வேலை செய்கிறது. ஆவணத்தைப் படித்துப் பழகிய மாடல் 'யூனிகோடுக்கு இது சரி' என்று கற்றுக்கொள்கிறது. ஆவணம் பொய் சொல்லவில்லை. நம் மொழியை அங்கே யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தமிழில் மென்பொருள் செய்கிற ஒருவர் ஏஐயின் நினைவைக் கொஞ்சமும், ஓட்டிப் பார்த்த வெளியீட்டை நிறையவும் நம்ப வேண்டியிருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

குறிப்பின் அடுத்த பகுதி, இந்த ஒரு வரி எத்தனை இடத்தைத் தொடும் என்பது. சரி, ஸ்லக்ஃபையை விட்டுவிட்டு நாமே தமிழைக் காப்பாற்றும் ஒன்றை எழுதிக்கொள்கிறோம் என்றே வைப்போம். ஜாங்கோவின் ஸ்லக் புலத்துக்கு ஒரு சரிபார்ப்பு உண்டு. அதுவும் அதே ரெஜெக்ஸைத்தான் பயன்படுத்துகிறது, யூனிகோடை அனுமதித்தாலும்கூட. ஆகவே 'மழைக்குப்-பின்' என்ற சரியான ஸ்லக்கை அட்மின் படிவம் 'செல்லாது' என்று திருப்பி அனுப்பும். முகவரியைப் பிரித்துப் படிக்கும் இடத்தில் ஸ்லக்குக்கென இருக்கும் மாற்றி இன்னும் மோசம், அது ஆங்கில எழுத்து, எண், கோடு தவிர எதையும் ஏற்காது. அட்மின் பக்கத்தில் தலைப்பைத் தட்டும்போதே ஸ்லக்கை நிரப்பும் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. அங்கே பைத்தான் இல்லை, ஆனால் அதே வேலையை அதுவும் தனியாகச் செய்கிறது: எழுத்தும் எண்ணும் இருக்கட்டும், மற்றதெல்லாம் வெளியே. நான்கு கதவு, நான்கிலும் தனித்தனிக் காவலாளி, நால்வருக்கும் நம் கொம்பும் காலும் பிடிக்காது.

இந்த நான்கில் இரண்டு எனக்கு முன்பே தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் விஷயத்தை நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

ஐந்தாவதாக ஒன்று சொல்லியிருந்தது, அதைத்தான் இந்தக் குறிப்பிலேயே பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன். தளத்துக்கு ஆர்எஸ்எஸ் ஓடை இருக்கிறது. ஓடையில் ஒவ்வொரு கதைக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு, அதை வைத்துத்தான் 'இதை ஏற்கனவே காட்டிவிட்டேன்' என்று ரீடர் செயலிகள் தெரிந்துகொள்கின்றன. நாம் தனியாக எதுவும் கொடுக்காவிட்டால் ஜாங்கோ கதையின் முகவரியையே அடையாளக் குறியாக வைத்துவிடும். முகவரி மாறினால் ஓடையில் இருக்கும் பழைய கதைகள் எல்லாம் ஒரே காலையில் புதுக் கதையாக வந்து நிற்கும். சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் சேவை அந்த ஓடையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. முகவரியை மாற்றும்போது ஓடையைப் போய்ப் பார் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. முகவரியை யாரெல்லாம் படிக்கிறார்கள் என்று கேட்டதால்தான் ஏஜென்ட் அங்கே போனது. ஸ்லக் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தால் போயிருக்காது.

கிட் வரலாற்றிலிருந்தும் ஒன்று வந்தது. கதையைச் சேமிக்கும் இடத்தில், தலைப்பையும் உடலையும் ஒரு விநோதமான சலவைக்கு அனுப்பும் செயல்கூறு இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்குத் தேவையில்லாத கோட் போலத் தெரியும், கோடிங் ஏஜென்ட்டுகள் 'சுத்தப்படுத்துகிறேன்' என்று கை வைக்கும் முதல் இடமும் இதுதான். பழைய கமிட் செய்தி காரணத்தைச் சொல்கிறது. தளத்தின் ஆரம்பகாலக் கதைகள் பாமினி எழுத்துருவில் தட்டி, பிறகு யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை. 'கொ' என்பதைச் சில மாற்றிகள் க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியாக வைத்துவிட்டன; நேராகத் தட்டினால் க, அதோடு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி என்று இரண்டுதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இதை யூனிகோடின் இயல்பாக்கம் சரிசெய்துவிடும். 'கௌ' வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ளகரம் என்று தட்டிய கதைகள் உண்டு. அதை இயல்பாக்கம் தொடாது, ளகரம் ளகரமேதான். அந்தச் சலவைக்காரன் இல்லாமல் ஸ்லக் உருவானால் ஒரே சொல்லுக்கு இரண்டு முகவரி கிடைக்கும். ஆக சலவைக்குப் பிறகுதான் ஸ்லக் உருவாக வேண்டும். வரிசை முக்கியம்.

குறிப்பை நான் தமிழில்தான் எழுதச் சொல்கிறேன். பெரும்பாலான மாடல்களில் அதே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிக டோக்கன் செலவாகும், காசும் கொஞ்சம் கூடும். பரவாயில்லை. முடிவெடுக்க வேண்டியவர் அக்கா, அவருக்கு ஜாங்கோ தெரியாது, ஆனால் கொம்பு எது கால் எது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். வரி எண்களை நீக்கிவிட்டு அனுப்பினேன். அன்று மாலையே கூப்பிட்டார்.

"என்ன தம்பி, எல்லாக் கதையும் கடகடன்னு ஒரே வீட்டுக்குள்ள ஓடிடும் போலிருக்கே!"

சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி வேறு. "நம்பர் போயிடுமா? பழைய லிங்க் எல்லாம் வாட்ஸ்அப்புல சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு அம்மா போன வாரம்கூட மூணு வருஷத்துக்கு முந்தின கதையை அனுப்பிட்டு, இதை எழுதினவங்க நம்பர் வேணும்னு கேட்டாங்க."

போகக்கூடாது என்பதே அவர் முடிவு. அங்கேயே வடிவம் மாறிவிட்டது. எண்ணே கதையைக் கண்டுபிடிக்கும், பெயர் அதன் பின்னால் அலங்காரமாக வரும். 482 என்ற எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடு, அதன் பின் 'மழைக்குப்-பின்-வந்த-கடிதம்'. பெயர் தப்பாக இருந்தாலும், பாதியில் வெட்டுப்பட்டாலும், வெறும் எண்ணோடு நின்றாலும் கதை திறக்கும். மோதல் பிரச்சினை ஒழிந்தது, ஸ்லக் புலமே தேவையில்லை, தலைப்பிலிருந்து அப்போதைக்கப்போது செய்துகொள்ளலாம், அட்மின் ஜாவாஸ்கிரிப்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓடையின் அடையாளக் குறிக்குப் பழைய எண் முகவரியையே நிரந்தரமாக வைத்துவிடலாம். ஐந்து கதவில் மூன்று வழியில் இருந்தே விலகிவிட்டன. இந்த வடிவம் புதுசொன்றும் இல்லை, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விகளின் முகவரியும் எண்ணும் பெயருமாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வுக்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்டிருந்த வேலை இது இல்லை.

இதற்குப் பிறகு கோட் எழுதும் கட்டம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதிதாக ஒரு செஷன் திறந்து, குறிப்பையும் முடிவையும் மட்டும் கொடுத்தேன். அரைமணி நேர வேலை, சுத்தமாக வந்தது.

புது செஷன் எதற்கு, ஆய்வு செய்த ஏஜென்ட்டே எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறதே, அதுவே எழுதட்டுமே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாடலுக்கு ஒரே நேரத்தில் கண்முன் வைத்துக்கொள்ள ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்குள் இடமிருந்தாலும், நீளம் கூடக்கூட நடுவில் இருப்பதை அது சரியாகக் கவனிப்பதில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழு வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: பதில் ஆரம்பத்திலோ முடிவிலோ இருந்தால் நன்றாகப் பிடிக்கிறது, நடுவில் இருந்தால் கோட்டை விடுகிறது. ஆய்வு செஷனில் என்னவெல்லாம் கிடக்கும் என்று பாருங்கள். திறந்து பார்த்துப் பயனில்லை என்று விட்ட கோப்புகள், தப்பான திசையில் போன தேடல்கள், ஓட்டிப் பார்த்த பிழைச் செய்திகள், முதலில் நினைத்துப் பிறகு மாற்றிக்கொண்ட ஊகங்கள். இவ்வளவையும் முதுகில் சுமந்துகொண்டு கோட் எழுத வைத்தால், கைவிட்ட ஊகம் எங்காவது ஒரு வரியில் திரும்ப வந்து உட்காரும். இரண்டு பக்கக் குறிப்பில் அந்தக் குப்பை இல்லை.

கருவிகளும் இதே பக்கம்தான் போய்க்கொண்டிருக்கின்றன. கிளாட் கோடில் கோப்பைத் தொடாமல் படித்துத் திட்டம் மட்டும் போடும் முறை இருக்கிறது. தனி நினைவிடத்தோடு துணை ஏஜென்ட்டை அனுப்பி, அது திரும்பி வந்து சுருக்கத்தை மட்டும் சொல்லும்படி வைக்கலாம். கர்சரிலும் திட்ட முறை வந்துவிட்டது. பெயர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், அதை நான் மனப்பாடம் செய்வதில்லை. எழுதும் அனுமதி இல்லை என்பது ப்ராம்ப்டில் மட்டும் இருந்தால் போதாது, கருவியின் அமைப்பிலேயே பூட்டியிருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்கிறேன். வார்த்தையில் சொன்ன தடையை அது எப்போதாவது உற்சாகத்தில் மறந்துவிடும்.

2024 டிசம்பரில் ஜெமினியும், 2025 பிப்ரவரியில் ஓபன்ஏஐயும் 'டீப் ரிசர்ச்' என்ற பெயரில் கொண்டுவந்தவை வேறு ஜாதி. அவை இணையத்தை அலசி அறிக்கை எழுதும். நூலகங்களை ஒப்பிட, ஒரு தரநிலை எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள அருமையானவை. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் ரெப்போவில் வேலையைத் தொடங்கினால், ஊரில் எல்லோர் வீட்டிலும் எப்படிக் குழாய் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும், உங்கள் வீட்டில் எங்கே போகிறது என்று தெரியாது. எனக்குக் கோடிங்குக்கு முன் வேண்டிய ஆய்வில் முக்கால் பங்கு ரெப்போவுக்குள்ளும், நிறுவியிருக்கும் நூலகங்களின் மூலக் கோடுக்குள்ளும்தான் இருக்கிறது. ஆவணம் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று தேட வேண்டாம், மெஷினில் இருப்பதுதான் ஓடப்போகிறது.

வெளியே போக வேண்டிய இடம் ஒன்று உண்டு, புதிய பேக்கேஜ் சேர்க்கும்போது. 2025 யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வந்த ஓர் ஆய்வில் 16 மாடல்களைக் கொண்டு 5,76,000 கோட் மாதிரிகளை எழுத வைத்துப் பார்த்தார்கள். மாடல்கள் பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது. கேட்டால் இருப்பது போலவே ஒலிக்கும் பெயர்கள். இதில் ஆபத்து, அதே கற்பனைப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பது. எவனாவது அந்தப் பெயரில் நஞ்சை வைத்துப் பதிவேற்றிவிட்டுக் காத்திருக்கலாம். இதற்கு ஸ்லாப்ஸ்குவாட்டிங் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதனால் ஆய்வுக் குறிப்பில் வெளிப் பேக்கேஜ் பெயர் எதுவும் வந்தால், களஞ்சியத்தில் அதன் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது பதிப்பு வந்தது, மூலக் கோட் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்கிறேன். இந்த முறை சேர்குறிகளைச் சரியாக நடத்தும் 'ரெஜெக்ஸ்' என்ற மாற்று நூலகமும், தமிழ் எழுத்துகளைப் பிரிக்கத் தெரிந்த 'ஓப்பன்-தமிழ்' நூலகமும் பட்டியலில் வந்தன. இரண்டும் நிஜம். கடைசியில் இரண்டும் தேவைப்படவில்லை. யூனிகோட் வகையைக் கேட்டு எழுத்து, சேர்குறி, எண் மூன்றையும் வைத்துக்கொள்ளும் நான்கு வரியே போதுமாக இருந்தது.

இதெல்லாம் நேரத்தை மிச்சப்படுத்துகிறதா என்று கேட்டால், தெரிந்த மாதிரி பதில் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் எம்.இ.டி.ஆர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட சோதனையைப் படித்ததிலிருந்து இந்த விஷயத்தில் யாருடைய மனக்கணக்கையும் நம்புவதில்லை, என்னுடையது உட்பட. அனுபவமுள்ள 16 பேர், தாங்கள் வருடக்கணக்காகப் பங்களித்துவரும் திறமூலத் திட்டங்களில் 246 வேலைகள் செய்தார்கள். ஏஐ இருந்தால் 24 சதவீதம் நேரம் குறையும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் குறைந்ததாக நினைத்தார்கள். கடிகாரம் 19 சதவீதம் கூடியதாகக் காட்டியது. அன்றைய கருவிகள் வேறு, இன்றையவை வேறு என்று வாதிடலாம். ஆனால் அவர்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ரெப்போவில் வேலை செய்தவர்கள் என்பதை நான் கவனிக்கிறேன். தலைக்குள்ளேயே ஆய்வுக் குறிப்பு இருப்பவருக்கு ஏஜென்ட் எழுதும் குறிப்பு இடைஞ்சல்தான். எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு ரெப்போ இருக்கிறது, அதில் நானே பத்து வரி எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ஆய்வுக்கு அனுப்புவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை தொடும் ரெப்போ, வேறு யாரோ எழுதிவிட்டுப் போன ரெப்போ, இங்கேதான் இது சோறு போடுகிறது. எழுத்துப் பிழை திருத்த, பொத்தான் நிறம் மாற்ற ஆய்வு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

குறிப்பும் தப்பாக வரும். இந்தக் குறிப்பிலேயே 'தேடல் பக்கம் முகவரியைப் பயன்படுத்துவதில்லை' என்று ஊகப் பட்டியலில் இருந்தது. தேடல் முடிவுகளைக் காட்டும் டெம்ப்ளேட் இன்னொரு கோப்பைச் சேர்த்துக்கொள்கிறது, முகவரி அதற்குள் இருந்தது. ஊகம் என்று தனியே எழுதியிருந்ததால்தான் அதைப் போய்ப் பார்த்தேன். உறுதி, ஊகம் என்று பிரிக்காமல் ஒரே நம்பிக்கைத் தொனியில் வரும் குறிப்பை நான் படிப்பதே இல்லை, திருப்பி அனுப்பிவிடுவேன். நீளத்திலும் கண்டிப்பு வேண்டும். பத்துப் பக்கம் வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், படித்ததாக நினைத்துக்கொண்டு 'சரி, எழுது' என்று தட்டிவிடுவார்கள். அதற்கு ஆய்வே செய்யாமல் இருந்திருக்கலாம்.

குறிப்புக் கோப்பை வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன். வைத்திருந்தால் அடுத்த வருடம் வேறொரு ஏஜென்ட் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும், அதற்குள் கோட் எங்கோ போயிருக்கும். ஓட்டிப் பார்த்த தலைப்புகள் மட்டும் டெஸ்டுகளாக ரெப்போவில் தங்கிவிட்டன.

இப்போது அக்கா அகர வரிசையில் கதைப் பட்டியல் கேட்டிருக்கிறார். இதுவும் கேட்பதற்கு ஒரு வரி வேலைதான், தலைப்பால் வரிசைப்படுத்து என்றால் முடிந்தது. ஆனால் யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, ற என்பது ர-வை ஒட்டி, ழ என்பது ள-வுக்குப் பின், ஜ வந்து ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். குறி எண் வரிசையில் அடுக்கினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். போஸ்ட்கிரெஸில் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ வரிசை முறைகள் உண்டு, எங்கள் சர்வரில் அது எப்படி அமைந்திருக்கிறது என்று ஆய்வு ஏஜென்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது கேட்டு அனுப்பியிருக்கும் ஒரு கேள்வியை மட்டும் அக்காவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன்: தரவில் 'ஸ்ரீ' என்று தொடங்கும் தலைப்புகள் இரண்டு விதமாகத் தட்டப்பட்டிருக்கின்றன, ஒன்று வழக்கமான ஸ-வில், மற்றது 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது, இயல்பாக்கமும் இரண்டையும் சேர்க்காது. பட்டியலில் இவற்றை ஒரே இடத்தில் வைப்பதா, வைத்தால் கிரந்த எழுத்துகளோடு கடைசியிலா, சகரத்தின் கீழா? "ரெண்டு நாள் குடு, யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறார்.